பால்கன் போர்களும் ஒட்டோமான் பேரரசின் தளர்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பாடத்தில் பால்கன் போர்கள் ஒன்றிரண்டு பத்தியில் முடிந்துவிடும். அடுத்த பக்கத்திலேயே சரயேவோவில் துப்பாக்கி வெடித்துவிடும். இடையில் என்ன நடந்தது என்பதில்தான் எல்லாருக்கும் சந்தேகம். அதுவும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகர்கின்றன.

பால்கன் என்பது எந்த இடம்? அப்போது அங்கே யார் ஆட்சி?

தென்கிழக்கு ஐரோப்பாவின் மலைநாடு. மேற்கே ஆட்ரியாட்டிக் கடல், தெற்கே ஏஜியன், கிழக்கே கருங்கடல். 14-ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் துருக்கியர் இங்கே காலூன்றினார்கள். 1683-இல் வியன்னா முற்றுகை தோற்றது, 1699 கார்லோவிட்ஸ் உடன்படிக்கையில் ஹங்கேரியின் பெரும்பகுதி கைவிட்டுப்போனது. 19-ஆம் நூற்றாண்டில் கிரீஸ், செர்பியா, ருமேனியா, மாண்டினீக்ரோ, பல்கேரியா என்று ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

1900 வாக்கில் சுல்தானிடம் ஐரோப்பாவில் மிஞ்சியது அல்பேனியா, கொசோவோ, மாசிடோனியா, திரேஸ் ஆகிய பட்டை மட்டுமே. வடக்கே இன்னொரு பல்லினப் பேரரசு, ஆஸ்திரியா-ஹங்கேரி. இரண்டுக்கும் நடுவில் புதிதாக முளைத்த சின்ன நாடுகள். கதை முழுக்க இந்த மூன்று தரப்புக்குள்தான்.

ஒரு பேரரசு "தளர்ந்துவிட்டது" என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? போரில் தோற்றால் போதுமா?

போதாது. தோற்ற பிறகும் எழுந்த பேரரசுகள் உண்டு. கஜானாவைப் பார்க்க வேண்டும். ஒட்டோமான் அரசு முதல் வெளிநாட்டுக் கடனை 1854-இல் கிரிமியப் போரின்போது வாங்கியது. 1875-இல் வட்டியை முழுதாகக் கட்ட முடியவில்லை. 1881-இல் கடன் கொடுத்தவர்களுக்காகத் தனி நிர்வாகமே அமைத்தார்கள். உப்பு, புகையிலை, முத்திரைத்தாள், மது, மீன், பட்டு ஆகியவற்றின் வரி வருமானம் நேராக அங்கே போனது. வரி வசூலிக்கும் உரிமையே கைமாறிவிட்டது.

இரண்டாவது அடையாளம் நிலம். 1878 பெர்லின் உடன்படிக்கைப்படி போஸ்னியா சுல்தானுடையதுதான், ஆனால் அதை ஆள்வது ஆஸ்திரியா-ஹங்கேரி. பல்கேரியா கப்பம் கட்டும் சிற்றரசு, ஆனால் தனிப் படையும் தனி மன்னரும் உண்டு. சைப்ரஸும் அப்படியே, நிர்வாகம் பிரிட்டன் கையில். பட்டா ஒருவர் பேரில், அனுபவம் இன்னொருவர் கையில். நம் ஊரில் அப்படிப்பட்ட நிலத்துக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நானூறு, ஐந்நூறு வருடம் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்குத் திடீரென்று தேசிய உணர்வு எங்கிருந்து வந்தது?

ஒட்டோமான் ஆட்சி மக்களை மொழிப்படி பிரிக்கவில்லை, மதப்படி பிரித்தது. இதற்கு மில்லத் முறை என்று பெயர். கிரேக்கம் பேசினாலும் ஸ்லாவ் மொழி பேசினாலும் ஆர்தடாக்ஸ் கிறிஸ்தவர் எல்லாரும் கான்ஸ்டான்டினோபிளில் (இஸ்தான்புல்லின் இன்னொரு பெயர்) இருந்த தலைமை ஆயரின் கீழ் ஒரே கணக்கு. திருமணம், வாரிசுரிமை, பள்ளி எல்லாம் திருச்சபை வழியாக. அங்கே மேல்மட்டத்தில் கிரேக்க மொழிதான் ஓங்கியிருந்தது.

1870-இல் சுல்தான் பல்கேரியர்களுக்கென்று தனித் திருச்சபையை (எக்சார்க்கேட்) அனுமதித்தார். அந்த ஆணையின் 10-ஆம் பிரிவுதான் வில்லங்கம்: ஒரு மாவட்டத்து ஆர்தடாக்ஸ் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் விரும்பினால் புதிய திருச்சபைக்கு மாறலாம். எந்தக் கோவில், எந்தப் பாதிரியார் என்பது அதுவரை ஊர் விவகாரம். அன்றிலிருந்து அது தலைக்கணக்கு ஆனது. கோவில் மாறினால் பள்ளி மாறும், பள்ளி மாறினால் பாடமொழி மாறும், அடுத்த தலைமுறை தன்னை வேறு பெயரில் சொல்லிக்கொள்ளும். ஏதென்ஸ், சோபியா, பெல்கிரேட் மூன்றும் போட்டிபோட்டு மாசிடோனியாவில் பள்ளிகளுக்குப் பணம் கொடுத்தன. ஒரே வீட்டு அண்ணன் தம்பி இருவேறு பள்ளிக்குப் போய் இருவேறு தேசத்தவர் ஆன குடும்பங்கள் உண்டு.

இதெல்லாம் கொசோவோ யுத்தக் காலத்துப் பழைய பகை என்கிறார்களே?

கொசோவோ யுத்தம் 1389-இல் செர்பியருக்கும் ஒட்டோமான் படைக்கும் நடந்தது. செர்பிய இளவரசர் லாசர் அதில் இறந்தார். ஏழே ஆண்டுகளில், 1396-இல், நிக்கோபோலிஸ் போரில் லாசரின் மகன் ஸ்டெஃபான் ஒட்டோமான் சுல்தான் பக்கம் நின்று கிறிஸ்தவப் படையை எதிர்த்தார். பகை இடைவிடாமல் எரிந்துகொண்டிருந்தது என்றால் இதை எப்படி விளக்குவது?

நாட்டுப்பாடல்களில் கொசோவோ நினைவு இருந்தது உண்மை. அந்தப் பாட்டைப் பாடப்புத்தகத்தில் ஏற்றி, ராணுவத்துக்கும் எல்லைக் கோட்டுக்கும் ஆதாரமாக்கியது 19-ஆம் நூற்றாண்டு அரசுகள்.

சரி, மாசிடோனியாவில் உண்மையில் யார் பெரும்பான்மை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒரே பதிலுக்கு மாற்றாக மூன்று அட்டவணை தருகிறோம். பல்கேரியரான கன்சோவ் 1900-இல் வெளியிட்ட கணக்கில் பல்கேரியர் 11,81,336 பேர், கிரேக்கர் 2,28,702 பேர், செர்பியர் வெறும் 700 பேர். செர்பியத் தரப்புக்காக கோப்செவிச் 1889-இல் எழுதிய கணக்கில் செர்பியர் 20,48,320 பேர், பல்கேரியர் 57,600. கிரேக்கத் தரப்பின் 1904 கணக்கில் கிரேக்கர் 6,52,795, பல்கேரியர் 3,32,162.

மூவரும் பொய் சொன்னார்கள் என்று தள்ளிவிட முடியாது. ஒருவர் வீட்டில் பேசும் மொழியை எண்ணினார், இன்னொருவர் கோவிலை எண்ணினார், மற்றவர் பண்டிகை வழக்கத்தையும் பேச்சின் சாயலையும் பார்த்தார். மாசிடோனியாவின் எல்லையையும் ஆளுக்கொரு மாதிரி வரைந்தார்கள். தங்களை "நாங்கள் கிறிஸ்தவர்கள்" என்றும் "இந்த ஊர்க்காரர்கள்" என்றும் மட்டும் சொன்ன விவசாயிகளுக்கு எந்த அட்டவணையிலும் கட்டம் கிடையாது. ஒரு நகரத்தை மட்டும் பார்க்கலாம்: சலோனிகாவில் 1913-இல் கிரேக்க அரசே எடுத்த கணக்கில் மொத்தம் 1,57,889 பேர். அதில் யூதர் 61,439, துருக்கியர் 45,867, கிரேக்கர் 39,956, பல்கேரியர் 6,263. அந்த நகரத்துக்காக அடித்துக்கொண்ட இருவரும் பட்டியலில் மூன்றாம், நான்காம் இடத்தில்.

சீர்திருத்தம் செய்தால் சண்டை ஓய வேண்டியதுதானே? ஏன் கூடியது?

1903 ஆகஸ்ட் 2 அன்று, புனித எலியா நாளில், மாசிடோனியப் புரட்சி அமைப்பு கிளர்ச்சி செய்தது. குருஷேவோ ஊரில் பத்து நாள் போல ஒரு குடியரசு நின்றது, பிறகு நசுக்கப்பட்டது. அந்த அக்டோபரில் ரஷ்யாவும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் மூர்ஸ்டெக்கில் ஒரு சீர்திருத்தத் திட்டம் போட்டு சுல்தானை ஒப்புக்கொள்ளவைத்தன. காவல்படைக்கு வெளிநாட்டு அதிகாரிகள் வந்தார்கள். அதுவரை சரி. ஆனால் 3-ஆவது அம்சம், அமைதி திரும்பியதும் மாவட்ட எல்லைகளை இனவாரியாகத் திருத்தலாம் என்றது.

ஆயுதக் குழுக்கள் அதை எப்படிப் படித்தன தெரியுமா? எல்லை திருத்தும் நாளுக்குள் எத்தனை ஊர் நம் கணக்கில் இருக்கிறதோ அத்தனை ஊர் நமக்கு. பல்கேரியக் கொமிதாஜிகள், செர்பியச் செட்னிக்குகள், கிரேக்க அந்தார்த்துகள் ராத்திரியில் ஊருக்குள் புகுந்து பாதிரியாரையும் வாத்தியாரையும் மிரட்டினார்கள், கொன்றார்கள். முந்தைய பதிலில் சொன்ன எண்கள் இப்போது துப்பாக்கி முனையில் எழுதப்பட்டன.

1908-இலும் இதே கணக்குதான். ஜூலையில் இளந்துருக்கியர் (ஒட்டோமான் ராணுவ அதிகாரிகள் பலர் இருந்த சீர்திருத்த அணி) புரட்சி செய்து அரசியல் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சலோனிகா வீதியில் முல்லாவும் பாதிரியாரும் ரப்பியும் கட்டிப்பிடித்தார்கள். பட்டா வைத்திருப்பவர் விழித்துக்கொண்டால் அனுபவத்தில் இருப்பவருக்குத்தான் முதலில் பதறும். நாடாளுமன்றம் வந்தால் போஸ்னியாவிலிருந்தும் பிரதிநிதி கேட்பார்களே? அக்டோபர் 5 அன்று பல்கேரியா முழு விடுதலை அறிவித்தது. மறுநாளே ஆஸ்திரியா-ஹங்கேரி போஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது.

ஒரே சம்பவத்துக்கு இரண்டு தேதி, ஒரே ஊருக்கு மூன்று பெயர். எது சரி?

எல்லாமே சரி. ஆர்தடாக்ஸ் நாடுகள் ஜூலியன் நாட்காட்டியில் இருந்தன. 20-ஆம் நூற்றாண்டுத் தேதி என்றால் 13 நாள் கூட்ட வேண்டும், 19-ஆம் நூற்றாண்டு என்றால் 12. இங்கே எல்லாம் புதிய கணக்கில் தந்திருக்கிறோம். சலோனிகா, தெசலோனிகி, சொலூன் ஒரே ஊர். மொனாஸ்திரும் பிட்டோலாவும் ஒன்று. எதிர்னே, அட்ரியானோபிள், ஒத்ரின் மூன்றும் ஒன்று. ஒரு நூலாசிரியர் எந்தப் பெயரை எழுதுகிறார் என்பதிலேயே அவர் எந்தப் பக்கம் என்று பாதி தெரிந்துவிடும்.

நான்கு குட்டி நாடுகள் சேர்ந்து ஒரு பேரரசை எப்படி ஜெயித்தன?

நேரம் பார்த்து அடித்தார்கள். 1911 செப்டம்பரில் இத்தாலி லிபியாவில் ஒட்டோமான் அரசோடு போர் தொடங்கியது. 1912-இல் அல்பேனியர் கிளர்ச்சி. இஸ்தான்புல்லில் ராணுவ அதிகாரிகளுக்குள்ளேயே கட்சிப் பிளவு. பயிற்சி முடித்த வீரர்கள் பலரைப் போருக்குச் சற்று முன்புதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அக்டோபர் 8 அன்று மாண்டினீக்ரோ போர் அறிவித்தது. பத்து நாளில் பல்கேரியா, செர்பியா, கிரீஸ் மூன்றும் சேர்ந்துகொண்டன.

வேலை பிரிவினையும் இருந்தது. பல்கேரியா ஏறத்தாழ ஆறு லட்சம் பேரைத் திரட்டி, இஸ்தான்புல்லுக்குப் போகும் திரேஸ் பாதையில் பெரும் படையை எதிர்கொண்டது. செர்பியா குமனோவோவில் வென்று வர்தார் பள்ளத்தாக்கில் இறங்கியது. கிரேக்கக் கடற்படை ஏஜியனை அடைத்தது. ஆசியப் பக்கத்திலிருந்து கப்பலில் படை வர முடியாமல் போனது. இதில் கடல் அடைப்புதான் முடிவைத் தீர்மானித்தது என்பது எங்கள் கருத்து.

சேர்ந்து ஜெயித்தவர்கள் உடனேயே ஒருவரை ஒருவர் ஏன் அடித்துக்கொண்டார்கள்?

பங்கு பிரித்த பத்திரத்தில் கோளாறு. 1912 மார்ச் 13 செர்பிய-பல்கேரிய ஒப்பந்தத்தில் ரகசிய இணைப்பு ஒன்று இருந்தது. ஷார் மலைக்கு வடக்கே செர்பியாவுக்கு, தென்கிழக்கே பல்கேரியாவுக்கு, நடுவில் ஒரு "தகராறுப் பகுதி", அதை ரஷ்ய ஜார் தீர்த்துவைப்பார். கிரேக்க-பல்கேரிய ஒப்பந்தத்திலோ நிலப் பங்கீடு பற்றி ஒரு வரிகூட இல்லை. சலோனிகாவை யார் எடுப்பது? முதலில் போய்ச் சேருபவர். கிரேக்கப் படையிடம் நகரம் நவம்பர் 8-இல் சரணடைந்தது. பல்கேரியப் படை வந்து சேர ஒரு நாள் தாமதம்.

அடுத்து கடல். செர்பியா ஆட்ரியாட்டிக் கரைவரை போனது. செர்பியாவுக்குத் துறைமுகம் கிடைக்கக்கூடாது என்று ஆஸ்திரியா-ஹங்கேரியும் இத்தாலியும் அல்பேனியாவைத் தனிநாடாக்க நின்றன. 1912 நவம்பர் 28-இல் விளோராவில் அல்பேனியா தன் விடுதலையை அறிவித்திருந்தது. மேற்கே இழந்ததற்கு ஈடாகப் பல்கேரியப் பங்கு நிலத்தைச் செர்பியா விட மறுத்தது. "பெரும் படையை எதிர்த்து ரத்தம் சிந்தியது நாங்கள்" என்றது பல்கேரியா. இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் பேச்சு முடியவில்லை.

1913 மே 30-இல் லண்டன் உடன்படிக்கையோடு ஒட்டோமான் அரசுடனான போர் முடிந்தது. ஜூன் 29 இரவு பல்கேரியா செர்பியாவையும் கிரீஸையும் தாக்கியது. பழைய மத்தியஸ்தத்துக்கு ஜார் காத்திருக்க, பல்கேரியா முதல் அடி அடித்து அவர் ஆதரவையும் இழந்தது. வடக்கிலிருந்து ருமேனியா புகுந்தது, ஒட்டோமான் படை எதிர்னேயைத் திரும்பப் பிடித்தது. ஆகஸ்ட் 10 புகாரெஸ்ட் உடன்படிக்கையில் மாசிடோனியா மூன்றாகக் கூறுபோடப்பட்டது: ஏஜியன் பக்கம் கிரீஸுக்கு, வர்தார் பக்கம் செர்பியாவுக்கு, பிரின் மலைப்பக்கம் பல்கேரியாவுக்கு. செர்பியாவின் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது.

வல்லரசுகள் நினைத்திருந்தால் தடுத்திருக்க முடியாதா?

ஒரே மாதிரி நினைத்திருந்தால் முடிந்திருக்கும். கருங்கடல் நீரிணை ரஷ்யாவுக்கு. செர்பியா பெரிதாகக்கூடாது என்பது ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு. அல்பேனியக் கரை இத்தாலிக்கு. ஆளுக்கொரு கவலை. ஒப்பந்தத்தில் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட இடமெல்லாம் போர்க்களமானது. 1878 பெர்லினில் மாசிடோனியாவைச் சுல்தானிடமே திருப்பிக்கொடுத்து சீர்திருத்தம் செய்யச் சொன்னார்கள். மேற்பார்வைக்கு யார், எந்த ஆண்டுக்குள் என்று எதுவும் உறுதியாக எழுதவில்லை.

ஆஸ்திரியா-ஹங்கேரியும் தளர்ந்த பேரரசுதான் என்றால், 1914-இல் அதுவே ஏன் போருக்குப் போனது? பயந்து ஒதுங்கியிருக்க வேண்டாமா?

இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சுமார் ஐந்து கோடி மக்களில் ஜெர்மானியரும் மாஜியாரும் (ஹங்கேரியர்) சேர்ந்தே பாதியைத் தொடாத நாடு அது. ஒட்டோமான் அரசுக்கு 1913-இல் என்ன நடந்தது என்பதை வியன்னா பக்கத்தில் நின்று பார்த்தது. அடுத்தது நாம்தான் என்ற பயம். பயந்தவன் ஒதுங்குவான் என்பது பொதுவிதி இல்லை. இன்னும் பலவீனமாவதற்குள் ஒரு முறை அடித்துவிடலாம் என்றும் தோன்றும். தலைமைத் தளபதி கான்ராட் செர்பியாமீது போர் தொடுக்க வருடக்கணக்கில் வற்புறுத்தினார். அதைத் தடுத்தவர்களில் முக்கியமானவர் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட். அவரைத்தான் சரயேவோவில் சுட்டார்கள்.

இன்னொன்று, ஆஸ்திரியா-ஹங்கேரியின் மிரட்டல் பலித்த பழக்கம். 1909 மார்ச்சில் போஸ்னியா விஷயத்தில் செர்பியா பணிந்தது. 1913 மேயில் ஷ்கோதர் நகரை விட்டு மாண்டினீக்ரோ வெளியேறியது. அதே அக்டோபரில் அல்பேனியாவிலிருந்து விலக எட்டு நாள் கெடு கொடுத்ததும் செர்பியா விலகியது. 1914 ஜூலை 23 மாலை ஆறு மணிக்கு பெல்கிரேடில் கொடுத்த 48 மணி நேரக் கெடு இந்த வரிசையில் வந்தது. ஆனால் 1909-இல் செர்பியாவைக் காக்க முடியாமல் அவமானப்பட்ட ரஷ்யா இந்த முறை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. ஆஸ்திரியாவின் பின்னால் ஜெர்மனி நிபந்தனையின்றி நின்றது. கெடுவில் இருந்த பத்துக் கோரிக்கையில் செர்பியா முக்கியமாக மறுத்தது ஆறாவதை: கொலை விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகளும் உட்காருவது. ஜூலை 28-இல் போர்.

சுட்டது ஒரு மாணவன். பின்னால் இருந்தது செர்பிய அரசா இல்லையா?

அரசு என்று ஒரே வார்த்தையில் சொன்னால் தவறும். காவ்ரீலோ பிரின்சிப்புக்கு 19 வயது, போஸ்னியச் செர்பியன், ஆஸ்திரியக் குடிமகன். துப்பாக்கியும் குண்டுகளும் "கறுப்புக் கை" ரகசியச் சங்கம் வழியாகச் செர்பியாவிலிருந்து வந்தவை. அச்சங்கத்தின் தலைவரான டிமித்ரியெவிச் செர்பிய ராணுவ உளவுத்துறைக்கும் தலைவர். அதேசமயம் அவருக்கும் பிரதமர் பாசிச்சுக்கும் ஏழாம் பொருத்தம். 1917-இல் செர்பிய அரசே அவரை வேறொரு சதி வழக்கில் சுட்டுக் கொன்றது. எல்லைக்கு அப்பால் தூண்டிவிட வளர்த்த ஆயுதச் சங்கம் சொந்த அரசின் பேச்சையும் கேட்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு கிடைக்காது.

இருபது வயது நிரம்பாததால் பிரின்சிப்புக்குத் தூக்கு இல்லை, 20 ஆண்டு சிறை. 1918 ஏப்ரலில் காசநோயில் சிறையிலேயே இறந்தான்.

சாதாரண மக்களுக்கு என்ன ஆனது?

1912-13-இல் எல்லாத் தரப்பும் அடுத்தவர் ஊர்களை எரித்தது. கார்னகி அறக்கட்டளை அனுப்பிய சர்வதேசக் குழு 1914-இல் இதை அறிக்கையாக வெளியிட்டது. லட்சக்கணக்கான முஸ்லிம்கள் மாட்டுவண்டியில் கிழக்கே போனார்கள்.

1923 ஜனவரி 30-இல் லொசானில் கிரீஸும் துருக்கியும் மக்களையே பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. சுமார் 12 லட்சம் ஆர்தடாக்ஸ் மக்கள் கிரீஸுக்கு, நாலு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான முஸ்லிம்கள் துருக்கிக்கு. அளவுகோல் மொழி இல்லை, மதம்: பழைய மில்லத் கணக்கேதான். துருக்கி மொழி மட்டும் தெரிந்த அனதோலியக் கிறிஸ்தவர்கள் "கிரேக்கர்" ஆனார்கள். கிரேக்கம் மட்டும் தெரிந்த கிரீட் தீவு முஸ்லிம்கள் "துருக்கியர்" ஆனார்கள். போய் இறங்கிய ஊரில் கடைக்காரரிடம் ஒரு சாமான் கேட்கக்கூட மொழி தெரியாது.

அப்படியானால் தேசியமே கெட்டதா? நம் விடுதலைப் போராட்டமும் தேசியம்தானே?

கிரேக்கர் 1821-இல் எழுந்ததும் செர்பியர் 1804-இல் எழுந்ததும் கொடுமையான நிர்வாகத்துக்கு எதிராகத்தான். அதில் தப்பு காண முடியாது. வித்தியாசம் எங்கே என்றால், விடுதலை பெற்ற பிறகு "எல்லைக்கு வெளியே இருக்கும் நம் ஆட்களையும் நிலத்தையும் மீட்க வேண்டும்" என்று அரசே கிளம்புவதில். மாசிடோனியாவைப் பிரிக்காமல் தன்னாட்சி கொடுங்கள் என்ற குரலும் அங்கே இருந்தது. அதற்குப் படை வைத்திருந்த அரசு ஒன்றுகூட இல்லை.

இதற்கும் நமக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. பால்கன் போரில் காயப்பட்ட துருக்கியருக்குச் சிகிச்சை செய்ய 1912-இல் டாக்டர் எம்.ஏ. அன்சாரி தலைமையில் இந்தியாவிலிருந்து மருத்துவக் குழு போனது. சரயேவோவில் தொடங்கிய போர் மூன்று மாதத்துக்குள் சென்னைக்கே வந்தது: 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுமார் 130 குண்டுகள் வீசி, துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளை எரியவிட்டது. "அவன் சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோமே, அந்த எம்டன்தான்.

இந்தச் சண்டை இன்றைக்கு முடிந்துவிட்டதா?

புகாரெஸ்டில் செர்பியாவுக்குப் போன வர்தார் துண்டுதான் பிறகு யூகோஸ்லாவியாவின் ஒரு குடியரசாகி, 1991-இல் தனிநாடானது. "மாசிடோனியா" என்ற பெயரை வைக்கக்கூடாது என்று கிரீஸ் 27 ஆண்டுகள் தடுத்தது. 2018 ஜூனில் பிரெஸ்பா ஏரிக்கரையில் உடன்பாடு. 2019 முதல் நாட்டின் பெயர் வட மாசிடோனியா. அது முடிந்ததும் 2020 நவம்பரில் பல்கேரியா அந்நாட்டின் ஐரோப்பிய ஒன்றியப் பேச்சுவார்த்தையைத் தடுத்தது. அவர்கள் பேசும் மொழி தனிமொழியா, பல்கேரிய மொழியின் ஒரு வழக்கா என்பது தகராறில் ஒரு முக்கியப் புள்ளி. 1900-இல் கன்சோவ் போட்ட அட்டவணையில் 11,81,336 பேரைப் பல்கேரியர் என்று எழுதினாரே, அந்தப் பேச்சு வழக்கைத்தான் சொல்கிறார்கள்.